வேஃபருக்கு எவ்வளவு தேறும்? மெமரி சிப் கேள்வி-பதில்

கேள்வி: நஷ்டத்தில் விற்கும்போதும் மெமரி கம்பெனிகள் ஏன் உற்பத்தியை நிறுத்துவதில்லை?

நிறுத்தினால் நஷ்டம் இன்னும் கூடும் என்பதுதான் காரணம். புதிய ஆலை ஒன்றுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஆகிறது. இயந்திரம் ஓடினாலும் சும்மா கிடந்தாலும் தேய்மானம் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூலப்பொருள், மின்சாரச் செலவுக்கு மேல் ஏதாவது தேறினால் ஓட்டிவிடுவதே மேல். எல்லோரும் இதே கணக்கைப் போடுவதால் விலை அதலபாதாளத்துக்குப் போகிறது. தவிர, உள்ளே போன வேஃபர் (நிறையச் சிப்புகள் உருவாகும் சிலிக்கான் வட்டத் தகடு) சிப்பாக வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்று குறைத்தால் அடுத்த காலாண்டில்தான் சந்தைக்குத் தெரியும்.

அப்புறம், யாருடைய சிப்பும் யாருடையதற்கும் மாற்றாகும்படி ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பு தரம் வகுத்திருக்கிறது. "எங்களுடையது உசத்தி" என்று கூடுதல் விலை கேட்க முடியாது. ஆகவே சரிவுக் காலத்தில் யாரிடம் பணம் இருக்கிறது என்பதே போட்டி. 1983-ல் மெமரியில் இறங்கிய சாம்சங், அடுத்து வந்த சரிவில் நஷ்டப்பட்டபடியே முதலீட்டைத் தொடர்ந்தது. ஜெர்மனியின் கிமோண்டா 2009-லும் ஜப்பானின் எல்பிடா 2012-லும் திவாலாயின. எல்பிடாவின் தொழில்நுட்பத்தில் பெரிய குறை இல்லை. கடனும் யென்னின் மதிப்பு ஏறியதும் கழுத்தை நெரித்தன. மறு வருடம் அமெரிக்காவின் மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது. அதே மைக்ரான் 2023 நிதியாண்டில் 583 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. அந்த வருடம் ஏப்ரலில் சாம்சங்கே உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தது என்றால் சரிவு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெமரியில் தொடங்கிய இன்டெல், அதை ஏன் கைவிட்டது?

ஜப்பானியப் போட்டி என்பது பாதி பதில்தான். இன்டெல் ஆலைகளில் ஒரு விதி இருந்தது: எந்தச் சிப் செய்தால் ஒரு வேஃபருக்கு அதிக லாபமோ, அதற்கே முதல் இடம். அதன்படி உற்பத்தி மேலாளர்கள் மாதாமாதம் கணினியின் மூளையான மைக்ரோபிராசசருக்கு வேஃபர்களை ஒதுக்கி வந்தார்கள். 1985-ல் மேலிடம் டி-ராமை (ரேமில் இருக்கும் மெமரி சிப்பை) விட முடிவெடுத்தபோது, கீழே பெரும்பகுதி வேலை முடிந்திருந்தது. நிர்வாகப் பாடத்தில் தலைவர்களின் துணிச்சலாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த விதிக்குத்தான் பாதிப் பெருமை சேரும் என்று படுகிறது.

கேள்வி: ரேம் விலை ஏறியதற்கு ஏ.ஐ.தான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். இங்கேயும் அதே வேஃபர் கணக்குதான். ஏ.ஐ. சிப்புகளின் பக்கத்தில் உட்காரும் ஹெச்பிஎம் என்பது எட்டு, பன்னிரண்டு டி-ராம் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊடே துளையிட்டு இணைத்தது. அதே அளவு நினைவகத்துக்கு, சாதாரண கணினி ரேமான டிடிஆர்5-ஐ விட ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபர் தின்கிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. லாபமும் அதில்தான். ஹெச்பிஎம்முக்கு ஒதுக்கும் ஒவ்வொரு வேஃபரும் சாதாரண ரேமிடமிருந்து பிடுங்கியது. 2025 டிசம்பரில் மைக்ரான், நுகர்வோருக்கு விற்றுவந்த குருஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது.

தென்கொரியாவின் எஸ்கே ஹைனிக்ஸுக்கு இதில் முன்னிலை சும்மா வரவில்லை. 2013-லேயே முதல் ஹெச்பிஎம்மைச் செய்துவிட்டு, சந்தை சிறிதாக இருந்த வருடங்களிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இது கடைச் சரக்கு அல்ல. வாங்குபவர் மாதக்கணக்கில் சோதித்து ஒப்புதல் தந்த பிறகே ஆர்டர் வரும், அதுவும் பெரும்பாலும் முன்கூட்டியே பேசிய ஒப்பந்தமாக. மெமரித் தொழிலுக்கு இது புதுப் பழக்கம்.

கேள்வி: டி-ராமில் மூன்றே பெரிய கம்பெனிகள். கூடிப் பேசி விலை வைக்கிறார்களோ?

முன்பு செய்து மாட்டியிருக்கிறார்கள். விலைக் கூட்டுக்காக அமெரிக்காவில் 2005-ல் சாம்சங் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஆனால் இப்போதைய ஏற்றத்துக்குச் சதி தேவையில்லை. மூவரும் ஒரே கணக்கைப் போட்டாலே போதும்.

கேள்வி: கிங்ஸ்டன் ரேம் வாங்கினேன். சிப்பும் அவர்களுடையதுதானா?

இல்லை. அவர்கள் சிப்புகளை வாங்கி, பலகையில் பொருத்திச் சோதித்து விற்பவர்கள். பலகையில் வரிசையாக இருக்கும் கறுப்புச் சதுரங்களில் பெரும்பாலும் சிப் செய்தவரின் பெயரோ எண்ணோ பொடியாக அச்சிட்டிருக்கும். ஸ்டிக்கர் மறைத்திருந்தால் பிய்க்காதீர்கள், வாரண்டி போய்விடக்கூடும்.