கோல்டு கார்டு ஒருவருக்கு, பயணம் நாலு பேருக்கு

கேள்வி: அலுவலக வேலையாக நாலு பேர் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வருகிறோம். எல்லாருக்கும் எகானமி டிக்கெட். என்னிடம் மட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அடிக்கடி பறப்போர் திட்டத்தின் கோல்டு கார்டு, அதாவது கிரிஸ்ஃபிளையர் எலீட் கோல்டு, இருக்கிறது. திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். லவுஞ்சுக்குள் கூட ஒருவரைத்தான் அழைத்துப்போகலாம் என்கிறார்கள். யாரைக் கூப்பிடுவது? மேலாளரையா? இல்லை, நானும் போகாமல் இருந்துவிடவா?

பதில்: எலீட் கோல்டு என்பது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் விமான நிறுவனக் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின் கோல்டுக்குச் சமம். விருந்தினர் ஒருவருக்கு மட்டுமே அனுமதி. அவரும் ஸ்டார் அலையன்ஸ் நிறுவனத்தின் விமானத்தில்தான் பயணம் செய்ய வேண்டும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அலுவலகத்தில் டிக்கெட் போடும் டிராவல் டெஸ்க் இரண்டு பேரைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் இரண்டு பேரை இண்டிகோவிலும் போட்டிருந்தால், இண்டிகோக்காரர்களை உங்கள் கார்டில் உள்ளே கூட்டிப்போக முடியாது. திருச்சி, கோவையிலிருந்து ஸ்கூட்டில் போகிறவர்களுக்கும் இந்த விதி செல்லாது. ஸ்கூட் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. சாங்கியில் உங்களுக்கு உரியது கிரிஸ்ஃபிளையர் கோல்டு லவுஞ்ச். பிசினஸ் வகுப்புக்காரர்களின் சில்வர்கிரிஸ் லவுஞ்ச் வாசலில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், அதுவும் கூட்டாளிகள் பார்க்க.

இனி யாரை என்பது. மேலாளரைக் கூப்பிட்டால் காக்காய் பிடிப்பதாகப் பேச்சு வரும், கூப்பிடாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். பதவியை விட்டுவிட்டுத் தேவையைப் பாருங்கள். காய்ச்சலோடு இருப்பவர், வாடிக்கையாளரோடு அமைதியான இடத்தில் பேச வேண்டியவர் யாராவது இருந்தால் அவர்தான். காரணத்தை எல்லார் முன்பும் சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்படி யாரும் இல்லையென்றால் தனியாகப் போய்வாருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் மூன்று மணி நேரமும் உள்ளேயே இருந்துவிடாதீர்கள். "நான் லவுஞ்சில் ஒரு முக்கால் மணி நேரம் இருந்துட்டு வர்றேன், ஒன்பதரைக்கு சாப்பிடற இடத்துல பார்க்கலாம்" என்று விமான நிலையத்துக்கு வரும் டாக்சியிலேயே சொல்லிவிடுங்கள். செக்யூரிட்டி தாண்டியதும் சத்தமில்லாமல் நழுவுவதுதான் மனத்தாங்கலாகிறது. திரும்பும்போது கையில் சாண்ட்விச்சை மடித்து எடுத்துவராதீர்கள். லவுஞ்ச் சாப்பாட்டை வெளியே கொண்டுபோகப் பொதுவாக அனுமதி இல்லை.

மற்ற இருவரையும் விடுவார்களா என்று கேட்டுப் பார்க்க நினைத்தால், நீங்கள் மட்டும் முன்னால் போய்க் கேளுங்கள். மூன்று பேரையும் பின்னால் நிறுத்திக்கொண்டு கெஞ்சினால், மறுக்கிற ஊழியருக்கும் சங்கடம், நிற்கிறவர்களுக்கும் அவமானம்.

கிரெடிட் கார்டோடு வரும் லவுஞ்ச் நுழைவு அட்டையான பிரயாரிட்டி பாஸைக் காட்டி "வாங்க, எல்லாரும் போகலாம்" என்பவர்களும் உண்டு. பெரும்பாலான கார்டுகளில் விருந்தினர் நுழைவு இலவசமில்லை. ஆளுக்கு ஒரு கட்டணமும் வரியும் அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் உங்கள் பெயரில் வந்து நிற்கும். அதை அப்புறம் மூன்று பேரிடமும் வசூலிப்பதைவிட ஃபுட் கோர்ட்டில் ஆளுக்கொரு காப்பி வாங்கிக் கொடுப்பது மேல்.

கேள்வி: எனக்கு மட்டும் போர்டிங் கேட்டில் பிசினஸுக்கு அப்கிரேடு கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாமா? மேலாளர் எகானமியில் இருப்பார்.

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள். எகானமியில் அளவுக்கு மேல் டிக்கெட் விற்றுப்போனால், யாரை முன்னால் தூக்கி உட்காரவைப்பது என்பதில் ஸ்டேட்டஸ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அது உங்கள் உறுப்பினர் எண்ணுக்குக் கிடைத்தது, அணிக்கு அல்ல. வேண்டாம் என்றால் அந்த இருக்கை மேலாளருக்கு வராது. பட்டியலில் அடுத்து இருக்கும் யாரோ ஒருவருக்குப் போகும். ஏறியபின் "சார், நீங்க முன்னாடி உட்காருங்க" என்று மாற்றிக்கொள்ளவும் பொதுவாக விடமாட்டார்கள், சாப்பாடும் பயணிகள் பட்டியலும் இருக்கை எண்படி கணக்காகிவிட்டிருக்கும். விட்டுக்கொடுக்க மனமிருந்தால் போர்டிங்குக்கு முன்பே கேட்டில் கேட்டுப் பாருங்கள், முடிவு அவர்களுடையது.

ஒரே விதிவிலக்கு, விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிரசன்டேஷனை முடிப்பதாகப் பேசி வைத்திருந்தால். அப்போது பின்னாலேயே இருங்கள்.

நாலு பேரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் ஒருவரை மட்டும் பிரித்து அப்கிரேடு செய்வது சிரமம், பல நேரம் உங்களைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். அதற்காகத் தனி பி.என்.ஆர். கேட்பவர்கள் உண்டு. நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். விமானம் ரத்தானால் தனி பி.என்.ஆர்.காரர்கள் ஆளுக்கொரு விமானத்தில் சிதறுவார்கள். நாலு மணி நேரப் பயணத்து அப்கிரேடுக்கு அது பெரிய விலை.

கேள்வி: "உனக்குத்தான் 20 கிலோ கூடுதலா இருக்கே, இந்தப் பெட்டியை உன் பேர்ல போடு" என்கிறார் சக ஊழியர். போடலாமா?

பதில்: அலுவலக சாமான், நீங்கள் இருக்கும்போதே திறந்து அடுக்கியது என்றால் போடலாம். பூட்டிக் கொடுத்த பெட்டி என்றால் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் கூடாது. டேக் உங்கள் பெயரில் ஒட்டப்பட்ட பிறகு உள்ளே இருப்பதெல்லாம் உங்களுடையதுதான்.

சிங்கப்பூர் விஷயத்தில் இது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. அங்கே ஒரு சிகரெட் பாக்கெட்டுக்குக்கூடத் தீர்வை விலக்கு கிடையாது. வேப், குட்கா, மெல்லும் புகையிலை அறவே தடை. சூயிங்கம்மும் கொண்டுபோகக் கூடாது. துணிகளுக்கு நடுவே பவர் பேங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, ஸ்கேனரில் தெரிந்தால் தேடி அழைக்கப்படுவது நீங்கள். அந்த 20 கிலோவையும் ஒரே பெட்டியில் திணிக்காதீர்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல். இந்தியச் சுங்க விதிப்படி ஒருவரது தீர்வையில்லாச் சலுகையை இன்னொருவருடையதோடு சேர்க்க முடியாது. அவர் வாங்கிய சாமானும் உங்கள் பெட்டியில் இருந்தால் உங்கள் கணக்கில்தான் வரும்.

எப்படி மறுப்பது என்றால், "திறந்து காட்டுங்க, சேர்ந்து அடுக்கிடலாம்" என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள்.

கேள்வி: பிரயாரிட்டி போர்டிங்கில் நான் மட்டும் முன்னால் ஏறுவது மரியாதையா?

பதில்: தாராளமாக ஏறுங்கள். மேலே பெட்டி வைக்க இடம் பிடிக்கத்தானே அது. மற்றவர்களின் லேப்டாப் பையை நீங்களே வாங்கிக்கொண்டு முன்னால் போகாதீர்கள், கைப்பை எடை வரம்பு உங்களுக்கும் உண்டு. பிரயாரிட்டி டேக் ஒட்டிய பெட்டி பெல்ட்டில் முதலில் வரும், ஆனால் நாலு பேருக்கும் ஒரே டாக்சி என்றால் அதில் லாபம் ஒன்றுமில்லை. பெல்ட் பக்கத்திலேயே நின்று அவர்கள் பெட்டிகளையும் இறக்க ஒரு கை கொடுங்கள்.