சிமுலேட்டரில் ஐஎல்எஸ் வைத்தும் விமானம் ஏன் ஓடுபாதைக்கு மேலேயே பறந்துபோகிறது?

உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஐஎல்எஸ் என்பது விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் ரேடியோ அமைப்பு; அதன் அலைவரிசையை வைத்தும் சில நேரம் திசை காட்டும் ஊசி அசைவதே இல்லை. அசையும்போது ஆட்டோபைலட் திசையைப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் இறங்காமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடுகிறது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை வைத்துப் பழகிய தொடக்கத்தில் எனக்கும் இதே இரண்டும்தான் நேர்ந்தன.

முதலாவது ஒரு பொத்தானில் தீர்ந்துவிடும். ஜி1000 என்ற மின்னணுத் திரை உள்ள செஸ்னாவில் ஊசி வழக்கமாக ஜிபிஎஸ் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்போது அதன் நிறம் மெஜந்தா. சிடிஐ பொத்தானை அழுத்திப் பச்சைக்கு மாற்றினால்தான் அது லோக்கலைசரை, அதாவது ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் சிக்னலைக் கேட்கும். பழைய வட்டக் கருவிகள் உள்ள விமானத்தில் இதற்கு ஜிபிஎஸ், நாவ் (வழிகாட்டு ரேடியோ) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நீங்கள் வைத்த எண் காத்திருப்புப் பக்கத்திலேயே நிற்கிறதா, நடப்புப் பக்கத்துக்கு மாறியதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, அந்த நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேளுங்கள். வீட்டில் பறப்பவர்களில் பெரும்பாலோர் இதைத் தவிர்க்கிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். சான்பிரான்சிஸ்கோவின் 28ஆர் (வலது) ஓடுபாதைக்கு 111.70; பக்கத்திலேயே 750 அடி தள்ளி இருக்கும் 28எல்லுக்கு (இடது) 109.55. மாற்றி வைத்தால் கருவி சிறிதும் தயங்காமல் அடுத்த ஓடுபாதைக்கு அழைத்துப்போகும். 2017 ஜூலையில் ஒரு நள்ளிரவில் ஏர் கனடா 759 இதே 28ஆருக்குக் கண்ணால் பார்த்து இறங்கும் முறையில் வந்தது. 28எல் அன்று மூடியிருந்தது. அதனால் விமானிகள் 28ஆரையே 28எல் என்று எண்ணிக்கொண்டு, நான்கு விமானங்கள் நின்றிருந்த டாக்சி பாதையை (விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் வழியை) நோக்கி இறங்கினார்கள். தரையிலிருந்து சுமார் 60 அடி வரை வந்த பிறகே விமானம் மேலெழுந்தது. துணைக்கு ஐஎல்எஸ் அலைவரிசையை வைக்க வேண்டிய இடத்தில் அது வைக்கப்படவில்லை என்பதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து அந்தப் புள்ளியும் கோடுமான ஒலியைக் கேட்காமல் நான் இறங்குவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது சிக்கல். கிளைடு ஸ்லோப் என்பது ஓடுபாதையிலிருந்து வழக்கமாக 3 டிகிரியில் எழும் சரிவு. ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 318 அடி உயரும். நீங்கள் அந்தச் சரிவுக்குக் கீழே, மட்டமாகப் பறந்துகொண்டு, அது உங்கள் மேல் வந்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மேலே இருந்துகொண்டு துரத்தினால் ஆட்டோபைலட் பெரும்பாலும் பிடிக்காது. உண்மையான வானத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 3 டிகிரிக்கு மேலே, செங்குத்தான கோணங்களில் பொய்யான சரிவுகளும் உருவாகும். கீழிருந்து வருபவருக்கு முதலில் கிடைப்பது உண்மையான சரிவுதான்.

சான்பிரான்சிஸ்கோவிலேயே பழகுங்கள் என்பேன். ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 13 அடிதான்; வரும் வழி விரிகுடா நீர்; அமெரிக்க விமான வரைபடங்கள் அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ தளத்தில் இலவசம். விமானத்தை 12 கடல் மைல் தொலைவில், மையக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, 2,000 அடியில், 90 நாட் வேகத்தில் வைத்துத் தொடங்குங்கள். லோக்கலைசரின் திசை 284 டிகிரி. நீங்கள் 314-ஐ நோக்கிப் பறந்தால் 30 டிகிரிக் கோணத்தில் அதை வெட்டுவீர்கள். எச்டிஜி நிலையில் (ஆட்டோபைலட் நீங்கள் வைத்த திசையில் பறக்கும் நிலை) பறந்தபடியே, ஐஎல்எஸ்ஸைப் பிடிக்கச் சொல்லும் ஏபிஆர் பொத்தானை அழுத்துங்கள். திரையில் லோக்கலைசரும் ஜிஎஸ்ஸும் (கிளைடு ஸ்லோப்) வெள்ளை எழுத்தில் காத்திருக்கும். முதலில் லோக்கலைசர் பச்சையாகும், விமானம் தானே திரும்பும். இப்போது எதையும் தொடாதீர்கள். சான் மேட்டியோ பாலத்தை நெருங்கும்போது, ஏறத்தாழ 6 கடல் மைலில், மேலே நின்ற கிளைடு ஸ்லோப் குறி மெல்ல இறங்கி நடுவுக்கு வரும், ஜிஎஸ் பச்சையாகும். அங்கே த்ராட்டிலைக் குறைப்பது உங்கள் வேலை, ஏனென்றால் இந்தச் செஸ்னாவில் ஆட்டோபைலட் எஞ்சினைத் தொடாது.

இறங்கும் வேகத்துக்கு நல்ல கணக்கு ஒன்று உண்டு: தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 90 நாட் என்றால் நிமிடத்துக்கு 450 அடி. எதிர்க்காற்று 15 நாட் அடித்தால் தரைவேகம் 75, அப்போது 375 அடி போதும். காற்றை மறந்து எப்போதும் ஒரே அளவில் இறங்குபவர்கள்தான் குறியைத் துரத்திக்கொண்டு மேலும் கீழும் ஆடுகிறார்கள்.

ஆல்டிமீட்டர் (உயரமானி) அழுத்தத்தையும் சரிசெய்யுங்கள். 0.30 பாதரச அங்குலம் தவறினால் உயரம் சுமார் 300 அடி தவறும். வகை ஒன்று எனப்படும் ஐஎல்எஸ் இறக்கத்தில், இறங்குவதா மேலேறுவதா என்று முடிவெடுக்கும் உயரமே தரையிலிருந்து 200 அடிதான். இங்கே ஆல்டிமீட்டரில் ஏறத்தாழ 213.

ஆட்டோபைலட்டோடு நான்கைந்து முறை சரியாக வந்ததும் அதை அணைத்துவிட்டுக் கையால் பறந்து பாருங்கள். லோக்கலைசர் ஊசி, விஓஆர் என்ற வழிகாட்டு ரேடியோ நிலையத்தைக் கேட்கும்போது இருப்பதைவிட நான்கு மடங்கு கூர்மையானது, 2.5 டிகிரி விலகினாலே ஓரத்துக்குப் போய்விடும். ஆகவே ஐந்து டிகிரிக்கு மேல் திரும்பாதீர்கள். திரும்பிவிட்டு ஊசி பதில் சொல்லும்வரை பொறுங்கள். அதுவும் கைவந்த பிறகு மேகத்தை 400 அடிக்கு இறக்குங்கள். 213 அடி வந்தும் விளக்குகள் தெரியாவிட்டால் த்ராட்டிலை முழுதும் தள்ளி மேலேறுங்கள். அந்த ஏற்றத்தையும் தனியாகச் சில முறை பழகிக்கொள்ளுங்கள்.