ஆட்டிசம் உள்ள குழந்தைகள் உணர்ச்சிகளைக் கையாள்வது பற்றிய ஆய்வுகளில் என்னென்ன விடுபட்டிருக்கின்றன?

முதுகலை உளவியல் ஆய்வுக்குத் தலைப்பு தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஆய்வாளர் இல்லை. 12 வருடமாகச் சிறப்பாசிரியராக வேலை பார்க்கிறேன், கைக்குக் கிடைக்கிற ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பேன். படிப்பதும் வகுப்பில் பார்ப்பதும் எங்கே இடிக்கின்றன என்று என்னால் சொல்ல முடியும்.

ஒரே ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் நாட்டில் ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் தர ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற மதிப்பீட்டுப் படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். உணர்ச்சி பற்றிய பகுதியில், வெளியே தெரிகிற காரணம் எதுவும் இல்லாமல் குழந்தை பரபரப்பாகிறதா, பதறுகிறதா என்று ஒரு கேள்வி வரும். படிவத்தை நான் குறை சொல்லவில்லை, அது சான்றிதழுக்காகச் செய்தது. ஆனால் காரணம் யாருக்குத் தெரியவில்லை? பார்க்கிற பெரியவருக்கு. அவருக்குத் தெரியாமல் போனது குழந்தையின் கணக்கில் மதிப்பெண்ணாக ஏறிவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பெரிய ஓட்டையே இதுதான். குழந்தையின் உணர்ச்சியை அளக்கிறோம் என்கிறோம். பெரும்பாலும் அளப்பது பக்கத்தில் இருக்கிற பெரியவருக்கு உண்டாகும் சிரமத்தை.

எங்கள் மையத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பேச்சு வரவில்லை. சில நாள் மத்தியானத்தில் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். அந்த இடத்தில் தோல் காய்ப்புக் காய்த்துப் போயிருக்கிறது. பதிவேட்டில் நானே பல தடவை 'காரணமின்றி' என்று எழுதியிருக்கிறேன். அவனுக்குச் சோறு ஊட்டுகிற ஆயாம்மாதான் ஒரு நாள் சொன்னார்: "டீச்சர், கடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே புள்ள காதைத் தோள்ல வச்சுத் தேய்க்க ஆரம்பிச்சிரும். அப்பவே எனக்குத் தெரிஞ்சிரும்." அதன் பிறகு கவனித்துப் பார்த்தேன். பத்து, இருபது நிமிடம் முன்பே தேய்க்கத் தொடங்குகிறான். பக்கத்துக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் ஓடும் நாட்களில் அதிகம். எதிர்ப்பக்க அறைக்கு மாற்றினோம், ஏறக்குறைய பாதி குறைந்தது. மீதிப் பாதி எதனால் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த இருபது நிமிடத்தைப் பற்றி ஆய்வு மிகக் குறைவு. வெடித்த பிறகு என்ன செய்வது என்று எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மனநலப் பிரிவுகளில் தங்கிச் சிகிச்சை பெற்ற 70 ஆட்டிசக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் கையில் இதயத் துடிப்பு, தோலின் வியர்வை, அசைவு ஆகியவற்றைப் பதியும் பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில், தாக்கும் நடத்தை வரப்போவதை 3 நிமிடம் முன்பே ஓரளவு கணிக்க முடிந்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அது மருத்துவமனையில் நடந்தது. மிக்சி ஓடுகிற, டிவி அலறுகிற, ஆறு பேர் இருக்கிற ஒரு வீட்டில் அதே பட்டை என்ன சொல்லும்? அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: அடிக்கப் போகிறான் என்று தெரிகிறது, சரி, அந்த நேரத்தில் அவனுக்குள் இருப்பது பயமா, வலியா, களைப்பா?

மருந்து விஷயத்திலும் இதே சிக்கல்தான். ஆட்டிசக் குழந்தைகளின் எரிச்சல், ஆக்ரோஷத்துக்கு ரிஸ்பெரிடோனை அமெரிக்க அரசு 2006இல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையான 2002 ஆய்வில் 101 குழந்தைகள், 8 வாரம். முன்னேற்றத்தை அளந்த முக்கியமான கருவி பெற்றோர் சொன்னதை வைத்து நிரப்பிய ஒரு பட்டியல். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பல மாதமாகத் தூங்காத குடும்பங்கள் அதனால் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் தவிப்பு குறைந்ததா, சத்தம் மட்டும் குறைந்ததா என்பதைப் பிரித்துக் காட்ட அந்தப் பட்டியலால் முடியாது என்பதுதான் என் கவலை.

அப்புறம், ஆய்வுக்குள்ளேயே வராத குழந்தைகள். 2016இல் வெளியான ஆட்டிச ஆய்வுகளை அலசி, 2019இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94 சதவீதம் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு இல்லை. ஆனால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. கணக்குப்படி, ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்கு அந்தக் குறைபாடு உண்டு. உணர்ச்சி பற்றிய ஆய்வில் இது இன்னும் மோசம். ஒரு சூழ்நிலையை மனதுக்குள் வேறு விதமாக யோசித்து அமைதியாவது என்ற உத்தியை ஆய்வாளர்கள் பெரிதாக மதிக்கிறார்கள். அதைக் கேள்வித்தாள் கொடுத்தோ பேசியோ அளக்கிறார்கள். என் வகுப்புப் பையனிடம் அதை எப்படிக் கேட்பது? அவன் கண்டுபிடித்த உத்தி, காதைத் தோளில் தேய்ப்பது. அது எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

2018இல் அமெரிக்க உளவியலாளர் கார்லா மசெஃப்ஸ்கி குழுவினர் வெளியிட்ட, உணர்ச்சியைக் கையாள்வதில் உள்ள சிரமத்தை அளக்கும் இ.டி.ஐ. என்ற அளவுகோலைக் கட்டாயம் பாருங்கள். பேசாத குழந்தைகளையும் மனதில் வைத்துச் செய்தது. அதில் இரண்டு பகுதிகள்: ஒன்று சட்டென்று பொங்குவது, இன்னொன்று உள்ளுக்குள் சோர்ந்து கிடப்பது. இரண்டாவதைத் தனியாகப் பிரித்தது எனக்குப் பெரிய ஆறுதல். நம் வீடுகளில் சத்தம் போடாத குழந்தைக்கு 'சமத்து' என்று பெயர். பள்ளியில் நாள் முழுக்கச் சமத்தாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சீருடைகூட மாற்றாமல் கட்டிலுக்கு அடியில் போய் இரண்டு மணி நேரம் படுத்துக்கொள்ளும் ஒரு பெண் குழந்தையை எனக்குத் தெரியும். பள்ளியைக் கேட்டால் அவளிடம் ஒரு பிரச்சினையும் இல்லை. பெண் குழந்தைகள், அதிலும் வயதுக்கு வரும் காலத்தில், எப்படி மாறுகிறார்கள் என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும்.

நீங்கள் தமிழில் வேலை செய்யப் போவதால் மொழி பற்றியும் சொல்கிறேன். தன் உணர்ச்சி இன்னதென்று இனங்காண முடியாத நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், மற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் இருப்பதாக 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. இதை அளக்கும் கேள்விகளில் சில, உடம்பில் தெரிவதையும் உணர்ச்சியையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கின்றன. தமிழில் நாம் எல்லோருமே உணர்ச்சியை உடம்பை வைத்துத்தானே சொல்கிறோம்? வயிற்றைக் கலக்குது, நெஞ்சு படபடங்குது, ஒரு மாதிரியா இருக்கு. அந்தக் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்தால் என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். அதேபோல 'அடம்' என்ற சொல். வேண்டியதை வாங்க அழுவதும் தாங்க முடியாமல் உடைந்துபோவதும் நம் பெற்றோர் வாயில் ஒரே சொல்லாகத்தான் வருகிறது. "அடம் பிடிப்பானா?" என்று கேட்டு வாங்கிய பதிலை எதில் சேர்ப்பீர்கள்?

மகிழ்ச்சியையும் விட்டுவிட்டார்கள். சந்தோஷம் தாங்காமல் கையை உதறிக் குதிக்கிற குழந்தையும் ஓர் உணர்ச்சியைக் கையாள்கிறதுதான். அதைப் பற்றி நான் படித்தது கொஞ்சமே.

இன்னொன்று, குழந்தையை மட்டும் தனியாக எடுத்து வைத்து ஆராய்வது. அம்மா களைத்துப்போன நாளில் பிள்ளையும் சீக்கிரம் உடைகிறான். தாத்தா மடியில் சாய்ந்தால் அடங்குகிறான். குழந்தையையும் பக்கத்தில் இருக்கிற பெரியவரையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் இது பிடிபடும். தானே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன், புரியாமை ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இலேயே எழுதினார்.

தலைப்பாகக் கேட்டால் என் யோசனை இது. ஐந்தாறு குழந்தைகள் போதும், பேசாதவர்களாக இருக்கட்டும். மூன்று மாதம், தினமும், வெடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தை மட்டும் எழுதுங்கள்: உடம்பில் என்ன மாறியது, அறையில் என்ன சத்தம், யார் பக்கத்தில் இருந்தார்கள். ஒன்றும் நடக்காத நாட்களின் அதே அரை மணியையும் எழுதுங்கள், ஒப்பிட அது வேண்டும். அம்மா, பாட்டி, ஆயாம்மா, வேன் டிரைவர், எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நாங்கள் ஆயாம்மா சொன்ன அன்றே ஒரு நோட்டுப் போட்டோம். அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.