மட்டாஞ்சேரியில் எதைக் காப்பாற்றுவது?

கேள்வி: கொச்சி யூத ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம் என்றார்கள். அப்புறம் அங்கே எதைக் காப்பாற்றுவது?

பதில்: மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய அந்தப் பரதேசி ஆலயத்தை (பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள்) பற்றிக் கவலை வேண்டாம், டிக்கெட் வாங்க ஆள் வரும்வரை யாராவது பார்த்துக்கொள்வார்கள். வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து தரையில் பதித்த சீன ஓடுகளைப் பார்க்கிறார்கள். நீலமும் வெள்ளையுமாகக் கையால் வரைந்தவை, அழகுதான், மறுக்கவில்லை. கொஞ்சம் நிமிர்ந்து மாடியையும் பாருங்கள். பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால் யூதர்களின் வேதமான தோராவை வாசிக்க இரண்டாவது மேடை ஒன்று இருக்கும். இது கேரள யூத ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. கூட்டு வழிபாடு நடக்க வயதுவந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும். 1950-களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள், இப்போது உள்ளூரில் அந்தப் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. எந்த நாளில் அந்த மேடையில் ஏறுவார்கள், எந்த மெட்டில் வாசிப்பார்கள் என்று சொல்ல ஆளில்லாமல் போனால் மிஞ்சுவது தச்சுவேலைதான்.

என்னைக் கேட்டால் முதலில் காப்பாற்ற வேண்டியது பாட்டு நோட்டுகளை. அந்தச் சமூகத்துப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடினார்கள், அதுவும் ஆண்கள் இருக்கும்போதே. வேறு பல ஊர் யூதர்களிடம் இதற்கு இடமில்லை. கிளியைப் பற்றிய பாட்டுகூட உண்டு. பாட்டை நோட்டில் எழுதி வைத்தார்கள், ஆனால் நோட்டில் மெட்டு இருக்காதே! ஸ்கறியா சக்கரியா, பார்பரா ஜான்சன் போன்ற ஆய்வாளர்கள் தேடித் திரட்டியதாலும், இஸ்ரேலில் இருந்த பாட்டிமார் பாடப் பாட ஒலிப்பதிவு செய்ததாலும்தான் இவ்வளவாவது கையில் இருக்கிறது.

கேள்வி: ஒரு கொச்சி ஆலயத்தின் உட்புறத்தையே கழற்றி ஜெருசலேமுக்குக் கொண்டுபோய்விட்டார்களாமே, இது சரியா?

பதில்: மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தைச் சொல்கிறீர்கள். அதன் மரவேலைப்பாடுகள் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே நின்ற வெற்றுக் கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. அதனால் கொண்டுபோனவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, இங்கே விட்டுவைத்தோமே, அந்தச் சுவரை என்ன செய்தோம்? ஆனால் எல்லா ஊரும் அப்படியில்லை. சேந்தமங்கலம், பறவூர் ஆலயங்களைக் கேரள அரசு பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. சேந்தமங்கலத்தில் சாரா என்ற பெண்ணின் கல்லறைக்கல் இருக்கிறது, ஆண்டு 1269.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாரம்பரியம் என்றதும் சீன ஓடும் சரவிளக்கும் மட்டும் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்த யூதர்களுக்கு அந்தப் பரதேசி ஆலயத்தில் சம உரிமை இருந்ததில்லை. ஏ.பி.சேலம் என்ற வழக்கறிஞர் காந்திய வழியில் போராடித்தான் நிலைமை மாறத் தொடங்கியது. ‘யூத காந்தி’ என்று அவருக்குப் பெயர். சுற்றுலா வழிகாட்டி இதையும் சொல்லட்டும்.

கேள்வி: நமக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கி.பி. 1000-ஐ ஒட்டி சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் தந்த செப்பேடு, பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் இருக்கிறது. வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரிலும் குறைந்துகொண்டே வருகிறார்கள், அது தனிக் கவலை. சென்னையிலும் பவள, வைர வியாபாரம் செய்த யூதர்கள் இருந்தார்கள். லாயிட்ஸ் சாலையில் சிறிய யூதக் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. போனால் எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பக்கவாட்டில் நின்று படமெடுத்தால் தேய்ந்த எழுத்துகூடத் தெளிவாக விழும்.