6 வோல்ட் காரை 12-க்கு மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்வி: சார், என்னுடையது 1950-களின் கார், 6 வோல்ட். ராத்திரியில் ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரியுது. செல்ஃப் அடித்தால் முக்கி முனகித்தான் சுத்துது. 12-க்கு மாற்றிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் மீட்டரை எடுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரி முனைகளில் ஒருமுறை, ஹெட்லைட் பல்பின் முனைகளில் ஒருமுறை அளந்து பாருங்கள். இடையில் 1 வோல்ட் தொலைந்திருந்தால், 12 வோல்ட் காரில் அது பெரிதாகத் தெரியாது. உங்கள் காரில் அது ஆறில் ஒரு பங்கு. வோல்ட் குறைவதைவிட வெளிச்சம் வேகமாக விழும்; ஆறில் ஒரு பங்கு வோல்ட் போனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி துருப்பிடித்த எர்த்தான், அதாவது பேட்டரியின் ஒரு முனையைக் காரின் இரும்போடு சேர்க்கும் இணைப்பு. பாடியிலும் எஞ்சினிலும் எர்த் பிடிக்கிற இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு முடுக்குங்கள். பேட்டரி கேபிளையும் பாருங்கள். அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டில் இரட்டிப்பு ஆம்பியர் ஓடும். யாரோ 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிளை மாட்டிவிட்டுப் போயிருந்தால் செல்ஃப் முனகத்தான் செய்யும். இவ்வளவும் செய்தபின் கார் நன்றாக ஓடினால் 6 வோல்ட்டிலேயே விடுங்கள் என்பதுதான் என் கருத்து. அந்தக் கார் அப்படித்தான் பிறந்தது.

கேள்வி: எனக்குக் கூடுதல் விளக்குகள் வேணும் அண்ணா, மாற்றுவதென்று முடிவு. எதையெல்லாம் மாற்றணும்?

பதில்: பேட்டரி, டைனமோவும் ரெகுலேட்டரும் (அல்லது இரண்டுக்கும் பதில் ஆல்டர்நேட்டர்), இக்னிஷன் காயில், இண்டிகேட்டரை மினுக்கும் ஃபிளாஷர், எல்லா பல்பும். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி பல்பையும் மறக்காதீர்கள். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் பாயிண்ட்டும், அதோடு இருக்கும் கண்டன்சரும் அப்படியே இருக்கலாம். ஒயர்களில் இனி பாதி ஆம்பியர்தான் ஓடும், பருமன் தாராளம். ஆனால் துணி சுற்றிய ஒயரை வளைத்துப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் மொத்தத்தையும் புதிதாக இழுங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் கார் தீப்பிடிக்கும்.

கேள்வி: செல்ஃப் மோட்டார்?

பதில்: பெரும்பாலும் பழையதையே விட்டுவிடலாம். வேகமாகச் சுற்றும், சில நொடி தாங்கும். ஆனால் அதன் முனையிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரம், எஞ்சினின் ஃபிளைவீல் சக்கரப் பற்களில் பலமாக வந்து மோதும். எஞ்சின் பிடித்ததும் உடனே விடுங்கள். பிடிக்காத எஞ்சினை விடாமல் சுற்றினால் உள்ளே சுருள் கருகும். செல்ஃபுக்கு மின்சாரம் திறந்துவிடும் சொலினாய்டு சுவிட்ச் இருந்தால் அதை மட்டும் 12-க்கு மாற்றுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய 6 வோல்ட் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். 12 வோல்ட் செல்ஃப் மாட்டலாமா?

பதில்: உங்கள் ஃபிளைவீலில் 109 பற்கள், 12 வோல்ட் மாடலில் 130. அதனால் செல்ஃபோடு ஃபிளைவீலையும் மாற்றணும். அந்தச் சக்கரம் பெரியது. கியர்பாக்ஸ் கூட்டின் உள்பக்கம் இடிக்கும், தேய்த்து இடம் செய்யணும். பழைய செல்ஃபையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வைப்பர், பெட்ரோல் மீட்டர் இரண்டுக்கும் வோல்ட்டைக் குறைக்க ரெசிஸ்டர் போட்டால் போதுமா?

பதில்: வைப்பருக்குச் சரி. 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 2 ஓம் வேணும். அது 18 வாட் சூட்டைக் கக்கும். கையை வைத்தால் கொப்பளிக்கும். துணியும் ஒயரும் தொடாத இடத்தில் இரும்பில் பொருத்துங்கள்.

பெட்ரோல் மீட்டருக்கு ஆகாது. டேங்க் காலியாக ஆக அதில் ஓடும் ஆம்பியர் மாறும், ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டும் கூடவே மாறும். முள் பொய் சொல்லும். நிலையாக 6 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் போடுங்கள். சார்ஜ் ஆம்பியரைக் காட்டும் அம்மீட்டருக்கு எதுவும் வேண்டாம்.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரியின் நடுவிலிருந்து 6 வோல்ட் எடுத்தால் சுலபமாச்சே?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆறு செல்லில் மூன்று மட்டும் ஓயாமல் உழைக்கும். சார்ஜ் ஏறும்போதோ ஆறுக்கும் ஒரே ஆம்பியர். உழைத்த பாதி பட்டினியில் கெடும், சும்மா இருந்த பாதி தண்ணீர் கொதித்துக் கெடும்.

கேள்வி: என் காரில் பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் மாட்டியிருக்கு. ஆல்டர்நேட்டர் போடணும்.

பதில்: ஆல்டர்நேட்டர் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கே செய்யப்பட்டது. தலைகீழாக மாட்டினால் அதற்குள் இருக்கும் டயோடு உடனே போகும். ஆகவே காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றணும். பேட்டரியைத் திருப்பும்போது காயிலின் இரண்டு சிறு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கின் நடு முனைக்கு நெகட்டிவ் வரணும். சூடான முனையிலிருந்து பொறி சுலபமாகத் தாவும். மாற்றாவிட்டாலும் எஞ்சின் ஓடும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. மேடு ஏறும்போது திணறும். அம்மீட்டர் ஒயர்களையும் மாற்றுங்கள், இல்லையென்றால் சார்ஜ் ஏறும்போது முள் இறங்கும்.