ஐசியூ வாசலில் அழுதால் போதுமா? ‘நாவல் அக்கா’ பதில்கள்

இந்த மாதம் காதல் நாவல் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஆசிரியர். கரும்பு தின்னக் கூலியா? தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் யாராவது யாரையாவது முறைத்துக்கொண்டே காதலிக்கிற கதைதான். கேள்விகளுக்குப் போகலாம்.

“எல்லாம் ஒரே கதைதானே என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். பணக்காரக் கோபக்காரன், ஏழைப் பெண், சண்டை, கல்யாணம். என்ன பதில் சொல்வது அக்கா?” (வாசகி, சாட்ஸ்வொர்த்)

அவர் சொல்வது சரிதான் தங்கச்சி, மறுக்காதீர்கள். 1980இல் தொடங்கிய அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இந்த வகைக்கு வைத்த இலக்கணமே இரண்டு வரிதான். கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும். முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று கடையிலேயே தெரிந்துதான் காசு கொடுக்கிறோம்.

அவரிடம் திருப்பி ஒன்று கேளுங்கள். கோயிலில் விடிய விடிய தெருக்கூத்து பார்த்திருப்பார், இங்கே எல்லோரும் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிறார்களே, அதுதான். துச்சாதனன் சாவான், திரௌபதி கூந்தலை முடிவாள் என்று தெரியாமலா போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? கதை தெரிந்திருந்தால்தான் ஆட்டக்காரன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க முடியும். நானும் அப்படித்தான் படிக்கிறேன். சேர்வார்களா என்ற கவலை முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்: அவன் அவளை எந்த இடத்தில் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவள் எப்போது பயப்படுவதை நிறுத்துகிறாள், யார் முதலில் இறங்கி வருகிறார்கள்.

“ஆன்ட்டி ஹீரோ கதைகளை விட முடியவில்லை. அடிக்கிறான், திட்டுகிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான். கோபம் வருகிறது, ஆனாலும் ‘அடுத்த யூடி எப்போ’ என்று, இணையத் தொடரின் அடுத்த பகுதிக்காக, இரவெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது தப்பா?” (வாசகி, லெனேசியா)

நானும் பார்த்துக்கொண்டிருப்பவள்தான். அதனால் படிக்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படிப்பதில் தப்பு இல்லை. எழுதுபவர் கணக்கை முடிக்காமல் புத்தகத்தை மூடுகிறாரே, அங்கேதான் எனக்கு எரிகிறது.

ஒவ்வொரு நாவலையும் முடித்ததும் பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் ஒரு மதிப்பெண் போடுவேன். (நூலகப் புத்தகத்தில் இல்லை, பயப்படாதீர்கள்.) காதலுக்கு அல்ல, அழகுக்கு அல்ல, மன்னிப்புக்கு மட்டும். நாயகன் செய்ததை அவன் வாயாலேயே சொன்னானா? “ஏதோ கோபத்தில்” என்றால் பாதி மதிப்பெண் போச்சு. “உன் அண்ணன் மேல் இருந்த பகையை உன் மேல் காட்டினேன்” என்று சொல்ல வேண்டும். அவனே சொல்ல வேண்டும், அவன் அம்மாவைத் தூது அனுப்பக் கூடாது. வைர நெக்லஸ் வாங்கிக் கொடுத்தால் கழிவு. அவள் கர்ப்பம் என்று தெரிந்த பிறகு வருகிற மன்னிப்புக்கு நான் பாதிக்கு மேல் போட்டதே இல்லை. அது பிள்ளைக்குச் சொல்வது, அவளுக்கு அல்ல.

முக்கியமாக, ஐசியூ வாசல். நம் தமிழ் நாவல்களில் இது ஒரு வியாதி. இருநூறு பக்கம் அவளைப் படுத்தியிருப்பான். திடீரென்று அவள் மாடிப்படியில் உருண்டு விழுவாள், அல்லது லாரி வரும். நாயகன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தலையில் அடித்துக்கொண்டு அழுவான். அவள் கண் விழித்ததும் “மாமா” என்பாள். முடிந்தது, சுபம். அவள் மயக்கத்தில் இருக்கும்போது அவன் அழுததை யார் கேட்டது? என் கணக்கில் அது வரவே இல்லை.

கதை எவ்வளவு முரட்டுத்தனமாகவும் இருக்கட்டும், அவள் நல்ல நினைவோடு, எழுந்து நின்று, “போ” என்று சொல்ல முடிகிற நிலையில் இருக்கும்போது அவன் வந்து கேட்டால் நான் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். நீங்களும் அடுத்த கதையில் அந்த இடம் வருகிறதா பாருங்கள். வராத எழுத்தாளரின் யூடிக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

“மில்ஸ் அண்ட் பூன் கம்பெனியின் காதல் நாவல்களை ரோட்டுக்கு அடியில் போட்டார்கள் என்று நண்பன் சொல்கிறான். புருடாதானே?” (வாசகர், ஃபீனிக்ஸ்)

நிஜம் தம்பி. இங்கிலாந்தில் 2003 டிசம்பரில் திறந்த எம்6 கட்டணச் சாலைக்காக ஏறக்குறைய 25 லட்சம் பிரதிகளைக் கூழாக்கித் தாரோடு கலந்தார்கள். காகிதக் கூழ் தார்க்கலவையைப் பிடித்து வைக்கும், வண்டிச் சத்தத்தையும் கொஞ்சம் உறிஞ்சும் என்று கட்டியவர்கள் சொன்னார்கள். அந்தக் கம்பெனி மாதம் ஒரு கட்டுப் புதுப் புத்தகங்களை இறக்கும். மாதம் முடிந்ததும் பழையதைக் கடைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். விற்காததெல்லாம் கூழ்தான். நம் ஊர் ராணிமுத்து, மாலைமதிக்கு அந்தக் கவலை இல்லை. பழையதாகிவிட்டால் கடலை மடிக்கப் போய்விடும்.

“பாட்டியின் பழைய மில்ஸ் அண்ட் பூன் பெட்டியைத் திறந்தேன். அறுபது, எழுபதுகளின் புத்தகங்கள். ஒன்றில்கூட நம்மைப் போன்ற முகம் இல்லையே, ஏன்?” (கல்லூரி மாணவி, டர்பன்)

எழுதி அச்சடித்தது லண்டனில். ஜெரால்ட் மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் 1908இல் தொடங்கிய பதிப்பகம் அது. முதலில் எல்லா வகைப் புத்தகமும் போட்டார்கள். 1930களில்தான் காதலே போதும் என்று முடிவு செய்து, இரண்டு பென்னிக்கு வாடகைக்கு விடும் கடைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்கள் மனதில் இருந்த வாசகி இங்கிலாந்துப் பெண். டாக்டர், நர்ஸ், கிரேக்கக் கப்பல் முதலாளி, எல்லாம் அவளுக்காக.

ஆனால் இங்கே எழுதியிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? 1949இல் வெள்ளையரும் மற்றவரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று சட்டம். மறு வருஷமே அவர்களுக்கிடையில் உறவே கூடாது என்று இன்னொன்றை இறுக்கினார்கள். இரண்டும் 1985 வரை இருந்தன. லண்டன் கதையில் கடைசிப் பக்கத்தில் முத்தம் வருகிற இடத்தில் இங்கே போலீஸ் வந்து கதவைத் தட்டும். அந்த நாட்டில் எந்தப் பதிப்பகம் என்ன காதலை அச்சடித்திருக்கும்?

என் மாமியார் அந்தக் காலத்து வாசகி. துணி ஆலையில் தையல் மெஷின் வேலை. வெள்ளைக்காரர் நூலகத்துக்குள் நம்மவர் கால் வைக்க முடியாது, அதனால் புத்தகங்கள் ஆலைக்குள்ளேயே கைமாறின. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து எடுத்துப் போவார்களாம். படித்து முடித்தவர் ஒவ்வொருவரும் முதல் பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும், ஒரே புத்தகத்தை மறந்துபோய் இரண்டு தரம் எடுத்துவிடாமல் இருக்க. உங்கள் பாட்டி பெட்டியிலும் அப்படிக் கிறுக்கல்கள் இருக்கிறதா பாருங்கள். “அந்த வெள்ளைக்காரிக்கு நான் மனசுக்குள்ளே சேலை கட்டிவிட்டுத்தான் படிப்பேன்” என்பார் மாமியார். நாயகனுக்கு? “அவன் கோட்டு சூட்டிலேயே இருக்கட்டும்.”

2010 வாக்கில் இங்கேயே சஃபையர் பிரஸ், நாலிபுக்ஸ் என்று வரிசைகள் வந்தன. ஜோஹன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போகிற கறுப்பினப் பெண்கள் நாயகிகள். தேடிப் படியுங்கள். நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு நாயகிக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன். நீங்கள்தான் எழுதுங்களேன்.

“எழுத்தாளர் லக்ஷ்மி நம் நாட்டில் வாழ்ந்தவரா?” (வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்)

ஆமாம்! இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். லக்ஷ்மி என்பது புனைபெயர், டாக்டர் திரிபுரசுந்தரி என்பது பெயர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இரண்டாம் உலகப் போர்க் காலம். வீட்டால் பணம் அனுப்ப முடியவில்லை. ஆனந்த விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசனைப் போய்ப் பார்த்து, கதை எழுதித் தருகிறேன் என்று கேட்டு, அந்தப் பணத்தில் டாக்டரானவர். எனக்குத் தெரிந்து தமிழில் தொடர்கதை எழுதிக் கல்லூரிச் சம்பளம் கட்டியவர் அவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். சென்னைக்குத் திரும்பிய பின் 1984இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது.

‘பெண் மனம்’ நாவலில் தொடங்குங்கள். 1963இல் சிவாஜி, சரோஜாதேவி நடித்து ‘இருவர் உள்ளம்’ படமாக வந்தது இதுதான். பெண்கள் விஷயத்தில் கெட்ட பெயர் எடுத்தவன், தன்னைப் பிடிக்காத பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் நம்பிக்கையைச் சம்பாதிக்கப் படாத பாடு படுகிறான். லெனேசியா தங்கச்சியும் இதைப் படிக்கலாம். ஆன்ட்டி ஹீரோ நேற்று முளைத்தவன் இல்லை. ஆனால் அந்தக் காலத்துக்காரன் கொஞ்சம் உழைத்தான்.

“டர்பன் ஈரத்தில் என் மாத நாவல்கள் எல்லாம் பூஞ்சை பிடிக்கின்றன. ராமபாணப் பூச்சி வேறு. கற்பூரம் வைக்கலாமா?” (வாசகி, டோங்காட்)

கற்பூரம் வாசனைக்கு. பூச்சி பிடித்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மீன் வைக்கிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் ஆசையில் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், வேர்க்கிற தண்ணீர் பையின் வெளிப்பக்கமே படிந்து காயட்டும். பூஞ்சை இதனால் சாகாது. அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளிப் போடுங்கள், புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள், மழைக்காலத்தில் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். பூஞ்சையைத் துடைக்கும்போது மூக்கை மூடிக்கொண்டு வெளியே வைத்துத் துடையுங்கள்.

“அம்மாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. நாவல் ஆசை மட்டும் உண்டு. என்ன செய்யலாம்?” (வாசகர், ஸ்டாங்கர்)

படித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் நடப்பது அதுதான். மாமியாருக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தபோது முதலில் வாங்கியது அவருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்வேன், பாதி உண்மை. லோட்ஷெடிங் என்று முறை வைத்துக் கரண்டை நிறுத்திய நாட்களில் டிவியும் கிடையாது. கிண்டில் வெளிச்சத்தில் ஓர் அத்தியாயம் படிப்பேன். அவர் இருட்டில் நாயகியோடு பேச ஆரம்பித்துவிடுவார். “ஏய், அவன்கிட்டே போகாதே, அவன் அம்மா சரியில்லை!” நான் எங்கேயாவது வர்ணனையைத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவார். “மழை எங்கே போச்சு? இப்பத்தானே மேகம் கட்டிச்சு.”

மதிப்பெண் விஷயத்தில் என்னைவிடக் கறார். ஒரு நாயகன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான், எனக்குக் கண்ணில் தண்ணீர். “நாளைக்குக் காலையிலே யார் டீ போடுறான்னு படி, அப்புறம் பாக்கலாம்” என்றார். அடுத்த அத்தியாயத்தில் அவள்தான் போட்டாள். பூஜ்யம்.

நேரம் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். பத்து நிமிஷம் போதும். வில்லி பேசும்போது மட்டும் குரலை மாற்றிவிடுங்கள், அம்மாக்களுக்கு அது பிடிக்கும்.

“எப்போது படிக்க நேரம் கிடைக்கிறது உங்களுக்கு?” (வாசகி, போர்ட் எலிசபெத்)

வேலைக்குப் போகும் மினிபஸ் டாக்ஸியில் படிக்க நினைக்காதீர்கள், பாட்டுச் சத்தத்தில் நாயகி பேசுவது காதில் விழாது. எனக்கு மதிய இடைவேளை, அரிசி வேகும் நேரம், கிரிக்கெட் மேட்ச். கடைசியதுதான் நீளம்.

“பாட்டி காலமான பின் நாலு பெட்டி காதல் நாவல்கள் மிஞ்சின. பழைய சாமான் விற்கும் ஹாஸ்பிஸ் தர்மக் கடைக்குக் கொடுத்துவிடட்டுமா?” (வாசகர், வெருலம்)

இங்கிலீஷ் புத்தகங்களைக் கொடுங்கள், அங்கே வாங்க ஆள் உண்டு. தமிழ்ப் புத்தகங்களைக் கொடுத்துவிடாதீர்கள். துபாய் வழியாக வருகிற உறவுக்காரர் பெட்டியில் அரிசி முறுக்கோடு சண்டை போட்டு இடம் பிடித்து வந்த புத்தகங்கள் அவை, மறுபடி கிடைக்காது. ஆசிரியர் மூலம் தொடர்பு கொள்ளுங்கள், சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கடைசிப் பக்கம் கிழிந்தவை இருந்தாலும் பரவாயில்லை. எப்படியும் சேர்ந்திருப்பார்கள்.