எலைசாவில் நல்ல எண் வந்த பிறகும் ஓபிஏ எதற்கு?

"நிமோகாக்கல் தடுப்பூசிக்குப் பிறகு ஆன்டிபாடியை எலைசாவிலேயே அளந்துவிடலாமே, ஓபிஏ என்று எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? ரிப்போர்ட்டில் 0.35க்கு மேல் இருந்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிமோகாக்கஸ் என்பது நிமோனியா போன்ற நோய்களைத் தரும் கிருமி; எலைசா, ஓபிஏ இரண்டும் அதற்கு எதிரான ஆன்டிபாடியை (நோய் எதிர்ப்புப் புரதத்தை) ரத்தத்தில் பார்க்கும் சோதனைகள். இரண்டையும் சில வருடங்கள் கையால் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஆன்டிபாடி கிருமியின் உறையில் போய் ஒட்டுகிறதா, எவ்வளவு ஒட்டுகிறது என்பதைத்தான் எலைசா காட்டும். அப்படி ஒட்டியதால் வெள்ளையணு கிருமியை விழுங்கிக் கொன்றதா என்பது ஓபிஏவில்தான் தெரியும். ஒட்டியது கொல்லவும் செய்யும் என்று நம்பி ஏமாந்த கதை ஒன்று உண்டு.

நிமோகாக்கஸில் பல வகைகள் உண்டு, அவற்றுக்கு எண்ணும் எழுத்தும்தான் பெயர். 2000-இல் அமெரிக்காவில் அவற்றில் ஏழு வகைகளுக்கான தடுப்பூசி வந்தது. அதில் 6பி, 19எஃப் இருந்தன. 6ஏ, 19ஏ இல்லை. இவை ஒன்றுக்கொன்று பங்காளிகள், ஒன்றுக்குப் போட்டால் மற்றதையும் தடுக்கும் என்ற எதிர்பார்ப்பு. 6ஏ விஷயத்தில் அது ஓரளவு பலித்தது. 19ஏ கைவிரித்துவிட்டது. தடுப்பூசி போட்ட குழந்தைகளின் சீரம் (ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கும் தெளிநீர்) எலைசாவில் 19ஏவுடன் ஒட்டத்தான் செய்தது. ஓபிஏவில் கொல்லும் திறன் மிகக் குறைவு. 19எஃப், 19ஏ இரண்டின் சர்க்கரை உறையிலும் (பாலிசாக்கரைடு) வித்தியாசம் ஒரே ஒரு இணைப்பில்தான். கொல்லாமல் போக அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே 19ஏ நோய் ஏறிக்கொண்டே போக, 2010-இல் வந்த பதின்மூன்று வகைத் தடுப்பூசியில் 19ஏவைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

அதற்காக எலைசாவைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒழுங்காகச் செய்தால் நாளை இன்னொரு ஆய்வகத்திலும் ஏறக்குறைய அதே எண் வரும். ஒழுங்காக என்றால், பிளேட்டில் ஊற்றுவதற்கு முன் சீரத்தில் சி-பாலிசாக்கரைடையும் 22எஃப் என்ற வகையின் பாலிசாக்கரைடையும் கலந்து வைக்க வேண்டும். நிமோகாக்கஸ் எல்லாவற்றிலும் இருக்கும் சி-பாலிசாக்கரைடுக்கு எதிரான ஆன்டிபாடி நம் எல்லோருக்கும் உண்டு. பாதுகாப்புக்கு அது உதவாது, எண்ணை மட்டும் ஏற்றிவிடும். (22எஃப் ஆன்டிபாடியையே அளக்க வேண்டி வந்தால் 22எஃப் ஊற்ற முடியாது, அது தனித் தலைவலி.)

ஓபிஏ வேறு உலகம். எச்எல்-60 என்ற செல்லை வளர்த்து, ஐந்தாறு நாள் டிஎம்எஃப் என்ற ரசாயனம் கொடுத்து வெள்ளையணு மாதிரி ஆக்க வேண்டும். அப்புறம் முயல்குட்டி சீரத்திலிருந்து காம்ப்ளிமென்ட் (கிருமியைக் கொல்ல ஆன்டிபாடிக்குத் துணைபோகும் புரதங்கள்), உயிருள்ள கிருமி, படிப்படியாக நீர்த்த சீரம். மறுநாள், பிழைத்த கிருமிகள் பெருகி உண்டாக்கிய காலனிகளை எண்ணி, எந்த நீர்ப்பு வரை பாதிக் கிருமி செத்தது என்று பார்க்க வேண்டும். ஒருமுறை புது லாட் காம்ப்ளிமென்ட் வந்தது. காலையில் பிளேட்டைத் திறந்தால், சீரமே ஊற்றாத கன்ட்ரோல் குழியிலும் நாலைந்து காலனிதான். காம்ப்ளிமென்ட் தானாகவே கிருமியைக் கொன்றிருக்கிறது. அந்த வார வேலை அத்தனையும் குப்பைக்கு. இன்னொரு சீரம் எல்லா வகையையும் ஒன்றுவிடாமல் கொன்றது; விசாரித்தால் அந்த நபர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்!

இடையில் மணி முறை இருக்கிறது. நிற மணிகளில் ஒவ்வொரு வகையின் பாலிசாக்கரைடையும் ஏற்றி, துளி சீரத்தில் பத்துப் பதினைந்து வகைகளை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடலாம். கைக்குழந்தையிடம் எடுக்கும் ரத்தத்துக்கு இது பெரிய வரம். ஆனால் இதுவும் ஒட்டுவதைத்தான் அளக்கிறது. எலைசாவின் எல்லைக்கோட்டை அப்படியே இங்கே போட முடியாது. பதின்மூன்று வகைத் தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனத்தின் மணி முறையில் 6பிக்கு எல்லை 0.10, 19ஏவுக்கு 0.12, 5ஆம் வகைக்கு 0.23.

என்னைக் கேட்டால், எல்லா சீரத்துக்கும் எலைசாவோ மணி முறையோ, ஒரு பகுதிக்கு ஓபிஏ. புது வகை சேர்கிறது, பங்காளி வகையையும் தடுக்கும் என்கிறார்கள் என்றால் ஓபிஏ இல்லாமல் நம்ப மாட்டேன்.

சரி, உங்கள் 0.35. மில்லிலிட்டருக்கு 0.35 மைக்ரோகிராம் என்பது, வட கலிபோர்னியா, அமெரிக்கப் பழங்குடியினர், தென்னாப்பிரிக்கா என மூன்று ஆய்வுகளின் கைக்குழந்தைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. ஒரு தடுப்பூசியை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். தனி ஒருவருக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று சொல்ல வந்த எண் இல்லை. நோய் எதிர்ப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர்கள், இருபத்துமூன்று வகைத் தடுப்பூசிக்குப் பிறகு பெரும்பாலும் 1.3ஐத்தான் பார்ப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் முறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆய்வகத்துக்கு ஒரு போன் போட்டு, எலைசாவா மணி முறையா என்று கேட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.